தோல் சோபாவில் படிந்த புகைக்கரியை அகற்றிய அனுபவம்: ஈரத்துணிக்கு முன் செய்ய வேண்டிய உலர்வேலை

எங்கள் வீட்டுக் கூடத்தை ஒட்டிய சிறிய அறையில், அலமாரிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் கம்பி சூடேறி, அதன் மேலுறையும் அருகிலிருந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் தீப்பற்றாமலேயே நெடுநேரம் கனன்று உருகின. யாருக்கும் காயம் இல்லை; சுவரும் அலமாரியின் பின்பலகையும் மட்டும் கருகின. ஆனால் அந்த அறையின் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்ததால், உள்ளே எழுந்த புகை முழுவதும் கூடத்துக்கு வந்து அங்கிருந்த தோல் இருக்கைகளின் மேல் இறங்கியிருந்தது. வெளிர்பழுப்பு நிறத்தில் மூவர் அமரும் சோபா ஒன்று, அடர்பழுப்பு நிறத்தில் உயர்ந்த முதுகுடைய ஒற்றை நாற்காலி ஒன்று, கால் வைத்துக்கொள்ளும் சிறு முக்காலி ஒன்று ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாக எங்களோடு இருப்பவை. மூன்றும் மூன்று வகைத் தோல் என்பதால், ஒரே கரியை மூன்று விதமாக அணுக வேண்டியிருந்தது. அந்த வேலையில் எது பயன்பட்டது, எது கெடுதல் செய்தது என்பதை நாள்வரிசையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் பாதி வேலை அதனால் வந்தது. மின்சாரத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, புகை வெளியேறிய கால்மணி நேரத்துக்குள் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சோபாவின் வலப்புறக் கைப்பிடியைத் துடைத்தேன். அதுவரை சாம்பல் தூவியதுபோல் மேலோட்டமாக இருந்த கரி, துணி பட்ட உடனே கருமையான குழம்பாக மாறி, தோலின் நுண்வரிகளுக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது முறை துடைத்தபோது கறை அகலமாயிற்றே தவிரக் குறையவில்லை. அங்கேயே நிறுத்தினேன். அந்த இரண்டு சாண் பரப்பு மட்டும், மீதமிருந்த சோபா முழுவதும் சேர்ந்து எடுத்த நேரத்தைவிட அதிக நேரத்தை எடுத்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்றப் பகுதிகளில் கை வைத்தேன். புகைக்கரி என்பது வெறும் தூசி அன்று. அதன் அடிப்படைத் துகள் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறில் சில பங்கு அளவே இருக்கும். அத்தகைய துகள்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சரியாக எரியாத பொருளிலிருந்து வந்த எண்ணெய்ப்பசையையும் தாரையும் மேலே பூசிக்கொண்டு வந்து படிகின்றன. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ எழுபது மைக்ரான் தடிமன் என்று நினைத்துப் பார்த்தால், தோலின் துளையும் வரியும் இந்தத் துகளுக்கு எவ்வளவு பெரிய பள்ளம் என்பது விளங்கும். உலர்ந்து கிடக்கும் வரை அந்தப் பள்ளத்தின் வாயில் அது தங்கி நிற்கிறது. ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் உள்ளே இறங்கிவிடுகிறது. தண்ணீரோ எண்ணெய்ப்பசையைக் கரைப்பதில்லை. கரியை ஏந்திக்கொண்டு போய் வேறோர் இடத்தில் விடுவதே அது செய்யும் வேலை. ஆகவே முதலில் உலர்நிலையிலேயே எடுக்கக்கூடிய அத்தனையையும் எடுத்துவிட்டு, பிறகே ஈரத்தைக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் இருப்பதுதான், என் அனுபவத்தில், எந்த விலையுயர்ந்த திரவத்தையும்விட முக்கியமானது.

எந்தப் புகை என்பதும் வேலையை மாற்றும். சுடர்விட்டு, நல்ல காற்றோட்டத்தில் வேகமாக எரியும் மரமோ காகிதமோ தரும் கரி பெரும்பாலும் உலர்ந்து பொடியாக இருக்கும், எளிதில் வரும். காற்றுப் போதாமல் மெதுவாகக் கனலும் பொருளின் புகை பிசுபிசுப்பானது. சிகரெட்டுப் புகையின் படிவு பல மாதங்களாகச் சேர்ந்த மஞ்சள் தார். அதில் உலர்முறை ஓரளவுக்கே உதவும். எங்கள் வீட்டில் கனன்றது மின்கம்பியின் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் உறை. பி.வி.சி.யில் குளோரின் இருப்பதால், அது வெந்து சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதை உறுதி செய்துகொள்ளக் கண்ணாடி மேசையின் மேலிருந்த கரியில் இரண்டு சொட்டுக் காய்ச்சி வடித்த நீரை விட்டு, அதில் பி.எச். தாளைத் (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் தாள்; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) தொட்டுப் பார்த்தேன். நிறம் மூன்றுக்கு அருகில் காட்டியது. இந்தச் சோதனையைத் தோலின் மேல் செய்து பயனில்லை, ஏனெனில் பதனிட்ட தோலே இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. நாற்காலியின் விளிம்பில் வரிசையாக அடிக்கப்பட்டிருந்த பித்தளை ஆணிகளின் தலைகள் அன்று மாலைக்குள்ளாகவே மங்கத் தொடங்கியிருந்தன. தோலுக்குப் பொறுமை வேண்டும், உலோகத்துக்கு விரைவு வேண்டும் என்ற நிலை.

அதனால் முதல் நாள் மாலையிலேயே ஆணிகளை மட்டும் கவனித்தேன். காதுகுடையும் பஞ்சுக்குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் தொட்டு, நன்றாக ஒற்றி, ஒவ்வோர் ஆணித்தலையையும் தனித்தனியே துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றி எடுத்தேன். குச்சி தோலைத் தொடாமலிருக்க, ஆணித்தலை அளவுக்கு ஓட்டையிட்ட ஓர் அட்டைத்துண்டை மேலே வைத்துக்கொண்டேன். பித்தளைக்கென விற்கும் மெருகுப்பசையைப் பயன்படுத்தவில்லை. அவற்றில் பலவற்றில் அம்மோனியாவும் உராய்வுப்பொடியும் இருக்கும், தோலின் ஓரத்தில் பட்டால் அங்கே ஒரு வெளிறல் நிலைத்துவிடும்.

மறுநாள் வேலையைத் தொடங்குமுன் மூன்று இருக்கைகளையும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். காப்பீட்டுக்குப் பயன்படலாம் என்பது ஒன்று. மேலும் நான்கைந்து நாள் ஒரே பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், முன்பு எப்படி இருந்தது என்பது கண்ணுக்கு மறந்துவிடும். படங்களைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கதவுக்கு அருகிலிருந்த முன்பக்கத்தைவிட, வெளிச்சுவரை ஒட்டியிருந்த சோபாவின் முதுகில் கரி அதிகம். சூடான புகை குளிர்ந்த பரப்பைத் தேடிச் சென்று படியும் இயல்புடையது என்பதால், குளிர்ந்திருக்கும் சன்னலோரமும் வெளிச்சுவரோரமும் கூடுதலாகப் பாதிக்கப்படும். முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து முடித்திருந்தால், முதுகில் தங்கிய கரி அடுத்த முறை யாரேனும் சோபாவை நகர்த்தும்போது மீண்டும் அறை முழுவதும் பரவியிருக்கும்.

பிறகு தோலின் வகையை அறிய வேண்டியிருந்தது. இருக்கை மெத்தையின் அடிப்பக்கம் போன்ற, கரி படாத மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் பார்ப்பதே எளிய சோதனை. சோபாவில் சொட்டு முத்துப்போல் நின்றது. அதன் மேல் நிறப்பூச்சும் பாதுகாப்புப் படலமும் இருக்கின்றன என்று பொருள். கடைகளில் விற்கும் தோல் இருக்கைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நாற்காலியில் சொட்டு மெல்லப் பரவி உள்ளே போயிற்று. அந்த இடம் கறுத்து, காய்ந்த பின் பழைய நிறத்துக்கு வந்தது. அது சாயம் மட்டும் ஏற்றப்பட்ட, மேற்பூச்சில்லாத அனிலின் தோல். முக்காலி நூபக், அதாவது தோலின் மேற்புறத்தையே மெல்லத் தேய்த்து வெல்வெட்டுப்போல் ஆக்கியது. அதற்குச் சொட்டுச் சோதனையே தேவையில்லை. விரலால் தடவினால் தடம் விழும். முதல் நாள் நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் பதிலாக நாற்காலிக்குப் போயிருந்தால் அந்தக் கறை நிரந்தரமாகியிருக்கும் என்பதை இந்தச் சொட்டுதான் எனக்குக் காட்டியது.

வேலைக்கு முன் உடல் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் வேலை முழுவதும் என் மேல் இருந்தன. முகக்கவசம் துகள்களைத் தடுக்குமே தவிர அமில வாயுவைத் தடுக்காது. ஆகவே அறையை ஒரு நாள் முழுவதும் காற்றாட விட்ட பிறகே உள்ளே அமர்ந்து வேலை செய்தேன். கையுறை நம் கையைக் காப்பதற்கு மட்டும் அன்று. விரலில் இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசை கரியோடு சேர்ந்தால், தோலில் அழியாத கைரேகையாகவே பதிந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி வைத்தேன். தரையில் பழைய படுக்கை விரிப்புகளைப் பரப்பி, நாள் முடிவில் அவற்றை உதறாமல் உட்புறமாகச் சுருட்டி வெளியே எடுத்துச் சென்றேன்.

உலர்வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதற்கட்டம் தூசி உறிஞ்சி. இதில் ஹெப்பா வடிகட்டி பொருத்திய கருவிதான் வேண்டும், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கக்கூடியது அது. சாதாரணப் பையுள்ள கருவி நுண்கரியை முன்வாயால் உறிஞ்சிப் பின்வாயால் அறைக்குள்ளேயே ஊதிவிடும். உறிஞ்சும் குழாயின் வாயைத் தோலின் மேல் வைத்து இழுக்கக்கூடாது. ஒரு விரற்கடை உயரத்தில் நிறுத்தி, மேலிருந்து கீழாக, முதுகு, கைப்பிடி, இருக்கை, அடிப்பலகை என்ற வரிசையில் மெதுவாக நகர்த்தினேன். உறிஞ்சியின் முனையிலுள்ள தூரிகைப் பாகத்தைக் கழற்றிவிட்டேன். மென்மையானதுதான் என்றாலும், அது கரியைப் பூசிவிடுகிறது. மெத்தைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளிலும், மடிப்புத் தையல்களிலும், பொத்தான் வைத்துக் குழித்த பள்ளங்களிலும் ஒல்லியான முனையைப் பொருத்தி அதிக நேரம் செலவிட்டேன். இந்தக் கட்டம் முடிந்தபோது கண்ணுக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதனால் மனம் தளர வேண்டியதில்லை. தளர்வாகக் கிடந்த கரி போய்விட்டால் அடுத்த கட்டத்தில் கோடு விழாது.

இரண்டாம் கட்டத்துக்கான பொருள், தீவிபத்துச் சுத்திகரிப்பில் ஈடுபடுவோர் வழக்கமாகப் பயன்படுத்தும் ரப்பர் ஸ்பாஞ்ச். கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்த இயற்கை ரப்பரால் ஆன, செங்கல் வடிவிலான துண்டு அது. அதில் எந்த மருந்தும் கலந்திருக்கவில்லை. எழுத்தை அழிக்கும் ரப்பர் எப்படிப் பென்சில் கரியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வருகிறதோ, அதே விதத்தில் அதன் நுண்துளைகள் புகைக்கரியைப் பற்றிக்கொள்கின்றன. இதை நனைத்தால் பற்றும் தன்மை போய்விடும், எனவே வேலை முடியும் வரை அதன் அருகில் தண்ணீரையே வைக்கவில்லை. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சோ, வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சோ இதற்கு மாற்றாகாது. குறிப்பாக மெலமைன் மிக நுண்ணிய உப்புத்தாள்போல் உராய்ந்து, கறையோடு தோலின் மேற்படலத்தையும் எடுத்துவிடும்.

ஸ்பாஞ்சைப் பிடித்த விதத்தில்தான் முழு வெற்றியும் இருந்தது. முன்னும் பின்னுமாகத் தேய்க்காமல், ஒரே திசையில் ஓர் இழுவை, பிறகு கையைத் தூக்கி, முந்தைய இழுவையின் மேல் கால்பங்கு ஏறும்படி அடுத்த இழுவை. அழுத்தம் ஒரு புத்தகப் பக்கத்தைத் தடவும் அளவுக்கு மேல் இல்லை. ஒரு பக்கம் சாம்பல் நிறமானதும் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆறு பக்கமும் அழுக்கானபின், கூரிய கத்தியால் மெல்லிய சீவலாக அழுக்குப் படலத்தை அரிந்து எடுத்தால் புதிய பரப்பு கிடைக்கும். ஒரு மூலையை ஆப்புப்போல் அரிந்து வைத்துக்கொண்டால் தையலோரங்களுக்குள் அது நுழையும். சோபாவுக்கு மட்டும் மூன்று ஸ்பாஞ்சுகளும் ஏறத்தாழ ஐந்து மணி நேரமும் ஆயின. இந்த வேலையில் கண் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் களைத்துவிடும். சாளரத்தின் பக்கவாட்டு ஒளியில் பார்த்தால் கரி இருக்கும் இடம் மங்கலாகவும் இல்லாத இடம் மெல்லிய பளபளப்போடும் தெரிந்ததால், வெளிச்சம் சாய்வாக விழும் நேரங்களில் மட்டும் வேலை செய்தேன். புதிதாக அரிந்த பரப்பால் இழுத்துப் பார்த்து, அதில் நிறம் ஏறாமல் வந்தபோது அந்தப் பகுதி முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். இந்த நிலையில் சோபா தன் பழைய நிறத்துக்குப் பெரும்பாலும் திரும்பிவிட்டிருந்தது. அதன் மேல் ஒரு சொட்டு ஈரமும் அதுவரை படவில்லை. ஈரம் பட்ட வலக்கைப்பிடி மட்டும் ஸ்பாஞ்சுக்கு அசையவே இல்லை.

மூன்றாம் நாள் சோபாவுக்கு ஈரவேலை. தோலுக்கென்றே தயாரிக்கப்பட்ட, காரத்தன்மை இல்லாத நுரைத்திரவத்தைப் பயன்படுத்தினேன். சாதாரணச் சோப்பின் பி.எச். அளவு ஒன்பது, பத்து என்று போகும். குரோமியத்தால் பதனிட்ட தோலோ ஏறத்தாழ நான்குக்கு அருகில் நிலைகொண்டிருப்பது. காரம் மீண்டும் மீண்டும் பட்டால், பதனிடும்போது இழைகளுக்குள் ஏற்றிய எண்ணெய் மெல்ல வெளியேறி, தோல் விறைத்து வெடிக்கும். சமையல் சோடாக் கரைசலும் காரம்தான். வினிகர் பற்றியும் பலர் சொல்வதுண்டு. ஏற்கெனவே அமிலம் படிந்த பரப்பில் மேலும் அமிலத்தை ஊற்றுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. குளோரின் வெளுப்பான் எந்த நிலையிலும் வேண்டாம். அமிலப்படிவின் மேல் அது பட்டால் குளோரின் வாயு எழும்.

திரவத்தைத் தோலின் மேல் நேரடியாக ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் சிறிது எடுத்து, மென்மையான குதிரைமுடித் தூரிகையால் அடித்து நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் தொட்டு எடுத்தேன். நுரையில் வேலை செய்யும் பொருள் இருக்கும், நீர் குறைவாக இருக்கும். ஒரு சாணுக்கு ஒரு சாண் என்ற அளவில் சிறு வட்டங்களாகத் தடவி, நுரை சாம்பல் நிறமானதும் காய விடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்து இறுகப் பிழிந்த இன்னொரு துணியால் ஒருமுறை துடைத்து, மூன்றாவது துணியால் உலர்த்தினேன். குழாய்நீரில் உள்ள உப்புகள் காய்ந்தபின் வெள்ளைத்திட்டாக நிற்கும் என்பதால்தான் காய்ச்சி வடித்த நீர். துணியின் ஒரு மடிப்பு அழுக்கானால் அடுத்த மடிப்புக்குப் போய்விட வேண்டும். இருபத்திரண்டு துணிகள் வரை பயன்பட்டன. தையலின் மேல் தூரிகையை நெடுக்காக ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டினால் நூல் பிசிறும். ஒரு பகுதி முழுவதும் நிழலில் தானாகக் காயும் வரை காத்திருந்தேன். முடி உலர்த்தும் கருவியைக் காட்டவில்லை. ஈரமான தோல் வெப்பத்தில் சுருங்கும், சுருங்கியது மீண்டும் விரியாது.

வலக்கைப்பிடிக்கு இப்போது வருகிறேன். மேற்சொன்ன முறையிலேயே நான்கு நாள்களில் நான்கு முறை அதைச் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு முறையும் நுரையை ஓரிரு நிமிடம் இருக்க விட்டு, தூரிகையின் முனையால் வரிகளின் போக்கிலேயே மெல்லக் கிளறி எடுத்தேன். முதல் முறை துணி நன்றாகக் கறுத்தது. இரண்டாம் முறை சற்றுக் குறைவு. நான்காம் முறை துணி ஏறத்தாழ வெள்ளையாகவே வந்தது, ஆனால் தோலின் வரிகளில் சாம்பல் நிழல் நின்றது. பலரும் பரிந்துரைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முயலலாமா என்று எண்ணி, முதலில் மெத்தையின் அடியில் ஒரு பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்தேன். குச்சியில் வந்தது கரியில்லை, சோபாவின் வெளிர்பழுப்பு நிறம். நிறப்பூச்சையே கரைக்கும் பொருளைக் கொண்டு கறையை எடுத்தால், கறையிருந்த இடத்தில் வெறுந்தோல்தான் மிஞ்சும். அந்த எண்ணத்தை அங்கேயே கைவிட்டேன். துணி வெள்ளையாக வந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தால் குறைவது மேற்படலமே. ஆகவே ஐந்தாம் முறை நான் முயலவில்லை.

மூன்று வாரம் ஆறவிட்டு, தோல் முழுவதும் உலர்ந்து வாடையும் தணிந்த பிறகு, அந்தப் பரப்புக்கு மட்டும் நீர் அடிப்படையிலான தோல் நிறப்பூச்சை இட்டேன். நிறத்தைக் கலந்து, முதலில் அடிப்பக்கத்தில் தொட்டுக் காயவிட்டுப் பொருந்துகிறதா என்று பார்த்தேன்; ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. சிறு ஸ்பாஞ்சுத் துண்டில் மிகக் குறைவாகத் தொட்டு, ஒற்றி ஒற்றி, ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு மூன்று மெல்லிய பூச்சு. விளிம்பு தெரியாமலிருக்க, பூச்சைக் கறையின் எல்லையில் நிறுத்தாமல் கைப்பிடியின் தையல் வரை கொண்டுசென்றேன். அதன் மேல் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒன்று. இப்போது தேடிப் பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் இது கறையை நீக்கியதாகாது, மறைத்ததே ஆகும். மற்ற இடங்களில் தோல் தோலாகவே மீண்டிருக்கிறது.

அனிலின் நாற்காலியை அணுகியபோது எனக்குச் சற்று அச்சமே இருந்தது. மேற்படலம் இல்லாத தோலில் கரி துளைகளுக்குள் எளிதாகத் தங்கும், ஈரமும் உடனே உறிஞ்சப்படும். எனவே அதற்கு உலர்வேலையையே இரண்டு நாள் பிரித்துச் செய்தேன். ஸ்பாஞ்சின் பரப்பை இரு மடங்கு விரைவாக அரிந்து புதுப்பித்தேன். பிறகுதான் மிகக் குறைந்த நுரை. இங்கே ஒரு சாண் சதுரம் என்ற கணக்கு பொருந்தாது. கறையுள்ள இடத்தை மட்டும் நனைத்தால் ஈரம் நின்ற எல்லையில் வளையம் விழுந்துவிடும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரையுள்ள முழுத்துண்டையும் ஒரே சீராக, ஒரே நேரத்தில் ஈரப்படுத்தித் துடைத்து முடிக்க வேண்டும். துண்டு பெரிதாக இருந்தால் இருவர் சேர்ந்து செய்வது நல்லது. நாற்காலியின் தலைசாயும் இடத்தில், நாளடைவில் தலைமுடியின் எண்ணெய் ஊறியிருந்த பகுதியில், கரி மற்ற இடங்களைவிட ஆழமாகப் பிடித்திருந்தது. அங்கே ஒரு மெல்லிய கருநிழல் இன்றும் இருக்கிறது. அதை இன்னொரு முறை தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அனிலின் தோல் தன் வாழ்நாள் முழுவதும் நிறம் ஆழ்ந்துகொண்டே போவது; அந்த நிழலும் அதில் கலந்துவிட இடம் உண்டு, அதிகமாகத் தேய்த்து வெளுத்த இடத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நூபக் முக்காலிக்கு ஈரமே காட்டவில்லை. தூசி உறிஞ்சி, ரப்பர் ஸ்பாஞ்ச், பிறகு நூபக்குக்கென உள்ள ரப்பர்க்கட்டியால் மெல்லத் தேய்த்து, மென்தூரிகையால் இழைகளை ஒரே திசையில் எழுப்பிவிட்டதோடு சரி. முக்கால்வாசி போயிற்று.

வாடை வேறு வேலை. தோலின் மேற்புறம் சுத்தமான பின்பும் சோபாவில் அமர்ந்து எழும்போது கருகல் வாடை வந்தது. அமரும்போது மெத்தைக்குள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்படுவதால் அது உள்ளிருந்து வருகிறது என்று புரிந்தது. சோபா மெத்தைகளின் ஜிப்பைத் திறந்து நுரைப்பஞ்சை வெளியே எடுத்தேன். ஜிப்பின் பற்களுக்கு உட்புறமாகக் கறுப்புக்கோடு ஒன்று படிந்திருந்தது. உறைகளின் உட்புறத்தை உறிஞ்சியால் எடுத்தேன். நுரைப்பஞ்சை வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் பத்து நாள் நிறுத்தி வைத்தேன். சோபாவைக் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் கொண்டு அடித்திருந்த கறுப்புத்துணியைப் பிரித்தபோது வாடையின் பெரும்பங்கு அந்தத் துணியிலேயே இருந்தது. அதைக் கழுவிப் பார்க்காமல் புதுத்துணியாக மாற்றிவிட்டேன். நான் செய்தவற்றில் மிகக் குறைந்த உழைப்பில் மிகப் பெரிய பயன் தந்தது இந்தத் துணிமாற்றம்தான். தோலையே கவனித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது எளிதில் தோன்றுவதில்லை.

மிச்சமிருந்த வாடைக்கு, வாடையை ஈர்த்துக்கொள்ளும் செயலூட்டிய கரியைத் (activated charcoal) தட்டுகளில் பரப்பி, சோபாவின் அடியிலும் மெத்தைக்கு மெத்தை நடுவிலும் வைத்து, முழுவதையும் விரிப்பால் மூடி வைத்தேன். இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. சமையல் சோடாவைத் தோலின் மேல் தூவுவதைத் தவிர்த்தேன். அது காரம் என்பதோடு, தையல் ஓட்டைகளில் புகுந்தால் முழுவதுமாக எடுப்பதும் கடினம். ஓசோன் எந்திரம் வைத்துத் தருவதாக ஒருவர் முன்வந்தார். ஓசோன் வாடையை மட்டும் தேர்ந்தெடுத்து அழிப்பதில்லை. ரப்பரையும் தோலிலுள்ள எண்ணெய்களையும் சேர்த்தே தாக்கும், அது இயங்கும்போது ஆளோ செடியோ விலங்கோ அங்கே இருக்கவும் கூடாது. தோல் இருக்கைகளை வைத்துக்கொண்டு அதற்கு உடன்பட எனக்கு விருப்பமில்லை. நறுமணத் தெளிப்பான்களையும் பயன்படுத்தவில்லை. அவை வாடையின் மேல் இன்னொரு பசையைப் பூசுவதே ஆகும்.

தோலுக்கான ஊட்டப்பசையைக் கடைசியாகத்தான் இட்டேன். வேலையின் தொடக்கத்திலேயே தோல் வறண்டு தெரிந்தது, உடனே ஏதேனும் தடவ வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் கரி மிச்சமிருக்கும்போது எண்ணெய்ப்பசையைத் தடவினால் கரியைத் தோலுக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். வெள்ளைத்துணியால் எந்த இடத்தைத் துடைத்தாலும் துணி வெள்ளையாகவே வந்த பிறகு, அனிலின் நாற்காலிக்கு மட்டும் மிக மெல்லிய பூச்சாக இட்டு, ஒரு மணி நேரம் கழித்து மிகையானதைத் துடைத்தெடுத்தேன். நிறப்பூச்சுள்ள சோபாவின் மேற்படலம் அத்தகைய பசையைப் பெரிதாக உள்ளே விடுவதில்லை. அதற்குப் பாதுகாப்புத் திரவத்தை ஒருமுறை தடவியதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து, மழை பெய்து காற்றில் ஈரம் கூடிய ஒரு நாளில் மீண்டும் எல்லாவற்றையும் சோதித்தேன். ஈரப்பதம் கூடும்போதுதான் ஒளிந்திருக்கும் புகைவாடை வெளிவரும். சோபாவில் வாடை இல்லை. நாற்காலியின் முதுகுப்பக்கத் தையலில் மட்டும் மூக்கை அருகில் வைத்தால் இலேசாகத் தெரிந்தது. அந்தத் தையலின் ஓரத்தை வெள்ளைத்துணியால் ஒற்றியபோது நூலளவு சாம்பல் கோடு விழுந்தது. ரப்பர் ஸ்பாஞ்சில் புதிதாக ஓர் ஆப்பு அரிந்து, அந்தத் தையல் முழுவதையும் மேலிருந்து கீழாக உலர்நிலையிலேயே இன்னொரு முறை எடுத்து முடித்தேன்.